காவிரி எல்லை மலைகளில் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவானி, மேட்டூர், மாதேஸ்வரன் மலை, ஒகேனக்கல், அஞ்செட்டி, பர்கூர் என்று தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே காவிரி ஓடும் மலைநாட்டில் சில ஆண்டுகளாகச் சைக்கிளில் சுற்றி வருகிறேன். ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். தூரங்கள் எல்லாம் சுமார்க் கணக்கு. கிளம்பும் இடத்தைப் பொறுத்து ஐந்து கிலோமீட்டர் முன்பின் இருக்கும்.

எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

மைசூர்ப் பீடபூமியில் நிதானமாக வரும் காவிரி, சிவசமுத்திரத்தில் அருவியாக விழுந்து, மேகதாதுப் பாறை இடுக்கில் நுழைந்து வெளியே வருகிறது. அதற்கப்புறம் நெடுந்தூரம் இரு மாநிலங்களுக்கும் அதுவே எல்லை. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் தண்ணீரை அளக்கிறது. செய்திகளில் தினமும் வரும் கனஅடிக் கணக்கு அங்கே எடுப்பதுதான். பிறகு ஒகேனக்கல், அங்கிருந்து மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு.

ஆற்றுக்குக் கிழக்குக் கரையில் அஞ்செட்டி, பென்னாகரம், ஏரியூர். மேற்குக் கரையில் மாதேஸ்வரன் மலை, கோபிநத்தம், பாலாறு, கொளத்தூர். அதற்கும் தென்மேற்கே அந்தியூரும் பர்கூர் மலையும். நான் சொல்லும் வழிகள் எல்லாம் இதற்குள் அடங்கும். இங்கே பாலாறு என்பது மாதேஸ்வரன் மலைக் காடுகளைக் கடந்து மேட்டூர் நீர்ப்பரப்பில் சேரும் சிற்றாறு. வேலூர்ப் பாலாறு வேறு. அதேபோல, பர்கூர் என்றதும் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊரை நினைத்துக்கொண்டு வரைபடத்தில் தேடாதீர்கள்.

ஆற்றை ஒட்டியே போகும் சாலை உண்டா?

பவானியிலிருந்து மேட்டூர் வரை உண்டு. அதற்கு மேலே கிடையாது. மேட்டூரைத் தாண்டினால் சாலை மலை மேலே ஏறிவிடும்; ஆறு கீழே எங்கோ பள்ளத்தாக்கில் இருக்கும். ஒரு வளைவில் தெரியும், அடுத்த வளைவில் மறையும். ஒகேனக்கல்லில் இரு மாநிலக் கரைகளையும் இணைக்கும் வண்டிப் பாலம் இல்லை. மேட்டூர் நீர்ப்பரப்பின் இரு கரைகளுக்கும் நடுவே படகுதான்.

கார்க்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. சைக்கிள்காரர்களுக்கு இதுதான் வரம். சாலை ஆற்றங்கரையில் முடியும் இடத்தில் அவர்கள் திரும்பிப் போக வேண்டும். நாம் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரை போய்விடலாம். இந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கச் சைக்கிளைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

முதல் தடவை வருகிறேன். எங்கே தொடங்கலாம்?

பவானி கூடுதுறையில் தொடங்குங்கள். பவானியும் காவிரியும் கூடும் இடம், சங்கமேஸ்வரர் கோயில். அங்கிருந்து அம்மாபேட்டை, நெரிஞ்சிப்பேட்டை வழியாக மேட்டூர் 40 கி.மீ. ஏறக்குறைய சமதளம். வலப்பக்கம் ஆறு கூடவே வரும். கரும்பு, வாழை, நெல் என்று பச்சை விடாது. கியர் இல்லாத சாதாரண சைக்கிளிலும் அரை நாளில் போய்விடலாம். தேசிய நெடுஞ்சாலை என்பதால் லாரி, பேருந்து உண்டு. விடியற்காலையில் கிளம்பினால் பாதி தூரம் அமைதியாகக் கிடைக்கும்.

நடுவில் நெரிஞ்சிப்பேட்டையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே கதவணை கட்டித் தண்ணீரைத் தேக்கியிருப்பதால் ஆறு ஏரிபோல அகன்று நிற்கும். அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டி. விசைப்படகு போய் வந்துகொண்டே இருக்கும், சைக்கிளோடு ஏறலாம். பூலாம்பட்டிக் கரையில் இறங்கி மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு அடுத்த படகில் திரும்பினால், பின்னால் பண்ணவாடியில் வரப்போகும் பெரிய படகுப் பயணத்துக்கு ஒரு ஒத்திகை ஆகிவிடும்.

மேட்டூரில் பெரிய வேலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். அணையைப் பாருங்கள், தூங்குங்கள். 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்த அணை. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அனல்மின் நிலையம் பக்கம் லாரி நெரிசல் அதிகம். அந்தச் சில கிலோமீட்டரில் மட்டும் சாலையின் ஓரத்தை விடாமல் ஓட்டுங்கள்.

பண்ணவாடிப் படகில் சைக்கிளை ஏற்றுவார்களா?

ஏற்றுவார்கள். மோட்டார் சைக்கிளையே ஏற்றுகிறார்கள்.

கொளத்தூரிலிருந்து பிரிந்து பண்ணவாடிப் பரிசல்துறைக்கு இறங்கும் சாலை நேராகத் தண்ணீரில் போய் முடியும். அக்கரை தர்மபுரி மாவட்டத்து நாகமரை. அந்தப் பக்கத்து மக்களுக்குச் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்வர இதுதான் வழி. சாலையில் சுற்றிப் போவதென்றால் மேட்டூர், மேச்சேரி, பெரும்பாலை, ஏரியூர் என்று அரை நாள் சவாரி. அருகிலேயே கோட்டையூருக்கும் ஒட்டனூருக்கும் நடுவேயும் படகுத்துறை உண்டு. அங்கே பாலம் வேண்டும் என்பது ஊர்க்காரர்களின் நெடுநாள் கோரிக்கை.

நான் கடைசியாகக் கடந்த அன்று படகில் பத்துப் பன்னிரண்டு பேர். ராகி மூட்டை இரண்டு, ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு பழைய மோட்டார் சைக்கிள். படகுக்காரர் என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, “பையைக் கழட்டி நடுவுல வை தம்பி, சைக்கிளைச் சாய்ச்சுப் படுக்கப்போடு” என்றார். பெடல் பலகையில் இடிக்காமல் இருக்க ஒரு கோணிச் சாக்கை மடித்து அடியில் செருகினார். செயின் பக்கம் மேலே பார்த்திருக்கும்படி படுக்க வையுங்கள். கியர் மாற்றும் கொக்கி அடியில் போனால் வளைந்துவிடும். நான் சொல்லாமலே அவர் இதை எனக்குச் செய்து கொடுத்தார். எத்தனை பேருடைய வண்டியை ஏற்றி இறக்கிய கை அது.

தண்ணீர் நன்றாக இறங்கிய காலத்தில் போனால் இன்னொன்றும் காணக் கிடைக்கும். அணை கட்டியபோது இந்தப் பள்ளத்தாக்கில் இருந்த ஊர்கள் முழுகின. மக்கள் மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். கோயில்கள் அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டன. நீர்மட்டம் குறையும்போது பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி முதலில் தலை காட்டும், பிறகு உடம்பு. பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். வெடித்த வண்டலில் அந்த நந்தி வரை நடந்து போய் நிற்கலாம். தலைக்கு மேல் பல ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் இடம் அது என்பது அப்போதுதான் உடம்புக்கு உறைக்கும்.

காற்று பலமாக அடிக்கும் மாலைகளில் படகு விடமாட்டார்கள். முற்பகலிலேயே போய்விடுங்கள். உயிர்காப்பு மேலுறை கொடுத்தால் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

மாதேஸ்வரன் மலை ஏற்றம் ரொம்பக் கடினமா?

மேட்டூரிலிருந்து 45 கி.மீ. கொளத்தூர், கோவிந்தப்பாடி வரை மேடும் பள்ளமுமான ஊர்ச் சாலை. காரைக்காட்டில் தமிழ்நாட்டுச் சோதனைச்சாவடி, பாலாற்றுப் பாலம் தாண்டியதும் கர்நாடகச் சோதனைச்சாவடி. அணையின் முழு நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 790 அடி. மலைக்கோயில் சுமார் 3,000 அடி. அதாவது பாலாற்றிலிருந்து இரண்டாயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும்.

இதைத் தூரத்தால் வகுத்துப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். ஏற்றம் சீராக இருக்காது. கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, பிறகு கொண்டை ஊசி வளைவில் சட்டென்று செங்குத்தாகும். இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும். வளைவின் உட்பக்கம்தான் மிகச் செங்குத்து. பின்னால் வண்டி வராவிட்டால் கொஞ்சம் அகலமாக எடுங்கள். கோயில் பேருந்துகள் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். ஹாரன் கேட்டால் இறங்கி ஓரமாக நின்றுவிடுவதே சரி.

என் கணக்கு இது: காலை ஆறு மணிக்கு மேட்டூரை விட்டால் எட்டரைக்குள் பாலாறு. அங்கே டீ, வாழைப்பழம், மூன்று லிட்டர் தண்ணீர். அப்புறம் கோயில் வரைக்கும் நம்பிக்கையாகக் கடை கிடையாது, போனில் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. முடியாத வளைவில் தள்ளிக்கொண்டு போங்கள். இந்த மலைக்குப் பக்தர்கள் காலங்காலமாக நடந்துதான் வருகிறார்கள். தள்ளிக்கொண்டு போகும்போது நடைபயணமாக வரும் யாராவது கூடவே பேசிக்கொண்டு வருவார்கள். என் மலையேற்றங்களில் நினைவில் நிற்பவை பல அப்படி நடந்த கிலோமீட்டர்கள்தான்.

இந்த மலையை எழுபத்தேழு மலைகள் சேர்ந்தது என்று சொல்வார்கள். மாதேஸ்வரர் புலி வாகனத்தில் வந்தவர். கன்னடர்களுக்கு எவ்வளவு நெருக்கமோ, சேலம், ஈரோடு, தர்மபுரி மக்களுக்கும் அவ்வளவு நெருக்கமான சாமி. கோயிலில் அன்னதானம் உண்டு. தங்கும் அறைகளும் உண்டு. அமாவாசை, சிவராத்திரி, யுகாதி, தீபாவளி நாட்களில் மட்டும் போகாதீர்கள். சாலையில் சைக்கிளுக்கு இடம் இருக்காது, அறையும் கிடைக்காது.

இன்னும் ஒரு நாள் இருந்தால் தாளபெட்டா வழியாக இறங்கி, ஹனூர், கொள்ளேகால், சிவசமுத்திரம் போகலாம். 1902-இலேயே இங்கே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள்.

பர்கூர் வழி எப்படி?

எனக்கு மிகப் பிடித்த ஏற்றம் இதுதான். அந்தியூரைத் தாண்டியதும் வரட்டுப்பள்ளம் அணை, அதிலிருந்து மலைப்பாதை. தாமரைக்கரை, பர்கூர், தட்டக்கரை, பிறகு கர்கேகண்டியில் எல்லை. வண்டிகள் குறைவு. மேலே ஏறிவிட்டால் ராகி, மக்காச்சோளக் காடுகளும் மாட்டுப்பட்டிகளும். செந்நிறத் தோலில் வெள்ளைத் திட்டுகள் சிதறிக் கிடக்கும் பர்கூர் மாடுகளைக் கூட்டமாகப் பார்க்கலாம். மந்தை சாலையைக் கடந்தால் இறங்கி நின்றுவிடுங்கள். மலையிலேயே மேய்ந்து வளர்ந்த மாடுகள், மிரண்டால் முட்டும்.

மழைக்காலத்தில் இந்தப் பாதையில் மண் சரியும், பாறை உருளும். கனமழைக்கு மறுநாள் அந்தியூரில் பேருந்து ஓட்டுநர்களிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள். வரட்டுப்பள்ளத்துக்கு மாலையில் யானைகள் தண்ணீர் குடிக்க இறங்கும் என்பதால், இறங்கி வருபவர்கள் நாலு மணிக்குள் அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும்.

ஓசூரிலிருந்து ஒகேனக்கல் வரை இறக்கம்தான் என்கிறார்களே?

மொத்தக் கணக்கில் இறக்கம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகச் சுமார் 90 கி.மீ. சுமார் 3,000 அடியில் கிளம்பி ஆற்றுமட்டத்துக்கு வந்து சேர்கிறோம். ஆனால் நடுவில் ஏற்றங்கள் உண்டு; மதிய வெயிலில் அவைதான் ஆளை வாங்கும். அஞ்செட்டியில் வயிறாரச் சாப்பிட்டு, தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே சூடான ராகிக் களியும் கீரைக் குழம்பும் கிடைத்தால் விடாதீர்கள். அதற்குப் பிறகு நெடுந்தூரம் காடு.

இறக்கத்தில் எச்சரிக்கை வேண்டும். தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் இடையில் முதல் தடவை இறங்கியபோது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். கருகல் வாடை வந்தது. நிறுத்தி ரிம்மில் விரலை வைத்தேன், சுட்டது. பிரேக் கட்டைகள் பளபளவென்று கண்ணாடிபோல ஆகியிருந்தன. அன்றிலிருந்து வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைப்பேன், வளைவில் விட்டுவிடுவேன், இடையிடையே நின்று ஆறவிடுவேன். பை ஏற்றிய சைக்கிள் வெறும் சைக்கிளைவிட நிற்க நெடுந்தூரம் எடுக்கும் என்பதை மறக்காதீர்கள்.

யானை வந்தால் என்ன செய்வது?

எல்லோரும் கேட்கும் கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஆற்றின் இரு கரையும் சரணாலயங்கள். கர்நாடகத்தில் காவிரி வனவிலங்குச் சரணாலயம், மாதேஸ்வரன் மலைச் சரணாலயம். தமிழ்நாட்டில் காவிரி வடக்குச் சரணாலயம் 2014-இலும் தெற்குச் சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. நாம் போகும் சாலை யானைகளின் வழியைக் குறுக்கே வெட்டிப் போகிறது.

சைக்கிளில் ஒரு தனி ஆபத்து உண்டு. கார், பேருந்து வரும் சத்தம் யானைக்குத் தூரத்திலேயே கேட்டுவிடும். ஒதுங்கிப் போகவோ நிற்கவோ அதற்கு நேரம் கிடைக்கும். சைக்கிள் சத்தமே இல்லாமல் இறக்கத்தில் வந்து வளைவில் திடீரென்று அதன் முன்னால் நிற்கும். யானைக்கும் அதிர்ச்சி, நமக்கும் அதிர்ச்சி. அதனால் மறைவான வளைவுகளுக்கு முன்னால் வேகத்தைக் குறையுங்கள், கூட வருபவரோடு சத்தமாகப் பேசுங்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு இந்தச் சாலைகளில் ஓட்டவே கூடாது. மூங்கில் முறிபடும் சத்தம், கிளை ஒடியும் சத்தம், அந்தக் கனத்த வாடை, எல்லாம் நமக்குத் தெரிய வேண்டும்.

ஒருமுறை பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு அதிகாலையில் இறங்கிக்கொண்டிருந்தோம். மடம் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சாலை நடுவே சாணம். இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மூங்கில் தழை மிதிபட்டுக் கிடந்தது. தழையின் உடைந்த முனையில் ஈரம் காயவில்லை. யானையை நாங்கள் பார்க்கவே இல்லை. பார்க்கவும் வேண்டாம் என்று அப்படியே சைக்கிளைத் திருப்பிச் சோதனைச்சாவடிக்கு மேலேறிப் போனோம். அங்கே இருந்த வனக்காவலர், “பஸ் வரட்டும், அதுக்குப் பின்னாலயே போங்க” என்றார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பேருந்து ஓட்டுநர் வளைவுகளில் நாங்கள் வரும்வரை மெதுவாகவே ஓட்டினார்.

யானையைப் பார்த்துவிட்டால் நில்லுங்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள், நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி விடுங்கள். மணி அடிக்காதீர்கள், கத்தாதீர்கள், படம் எடுக்கப் போனை வெளியே எடுக்காதீர்கள். குட்டியோடு இருக்கும் கூட்டமும் தனியாக நிற்கும் ஆண் யானையும் மிக ஆபத்து. அது சாலையை விட்டுப் போன பிறகும் பத்து நிமிடம் பொறுங்கள். பின்னால் இன்னொன்று வரக்கூடும். காலை ஏழுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் காட்டுச் சாலையில் நான் ஓட்டுவதில்லை. அந்த அதிகாலைக்குப் பிறகு எடுத்த முடிவு இது. நேரமாகிவிட்டால் சைக்கிளைப் பேருந்தில் ஏற்றிவிடுங்கள். முழு தூரமும் மிதித்தேன் என்ற பெயர் யாருக்கும் தேவையில்லை.

வீரப்பன் இருந்த காடுதானே? இப்போது பயமில்லையா?

வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று தர்மபுரி அருகே பாப்பாரப்பட்டியில் கொல்லப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சாலைகளில் வழிப்பறிப் பயம் நான் கண்டதில்லை.

ஆனால் அந்தக் காலத்தின் வலி இந்த ஊர்களில் ஆறிவிடவில்லை. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையின் கொடுமைக்கு ஆளான குடும்பங்களும் இரு மாநிலங்களிலும் இருக்கின்றன. வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தம், பாலாற்றிலிருந்து பிரியும் காட்டுச் சாலையில் இருக்கிறது. அந்த ஊர் மாரியம்மன் கோயிலில், 1991-இல் வீரப்பனால் கொல்லப்பட்ட வன அதிகாரி பி.சீனிவாஸின் படத்தை வைத்து மக்கள் கும்பிடுகிறார்கள். தங்களுக்கு நல்லது செய்தவர் என்ற நன்றி. டீக்கடையில் உட்கார்ந்ததும் “வீரப்பனைப் பார்த்திருக்கீங்களா?” என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடு வரை. காடு பச்சையாக இருக்கும், காலையில் குளிரும், அருவியில் தண்ணீரும் இருக்கும். மார்ச் முதல் மே வரை வேண்டவே வேண்டாம். வெயில் ஒரு பக்கம், காட்டுத்தீ ஒரு பக்கம், தண்ணீர் தேடி யானைகள் சாலைப்பக்கம் வருவது இன்னொரு பக்கம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகில் பெய்யும் மழையைப் பொறுத்தது. நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடுவார்கள். ஆனால் அப்போதுதான் ஒகேனக்கல் தன் பெயருக்குப் பொருத்தமாக இருக்கும்: கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் பாறை. பாறைகளுக்கு நடுவே விழும் தண்ணீர் புகையாக எழுவதை அப்போது கரையில் நின்று பார்க்கலாம். ஆடிப்பெருக்கு அன்று பவானி, மேட்டூர், ஒகேனக்கல் மூன்றிலும் கால் வைக்க இடமிருக்காது.

எந்தச் சைக்கிள்? பஞ்சர் ஆனால்?

கியர் உள்ளது வேண்டும். முன்பக்கம் சின்னப் பல்சக்கரத்தில் 28 அல்லது 30 பல், பின்பக்கம் பெரிய பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் பையோடு மலையேற முடியும். டயர் 35 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லிய ரேஸ் டயர் இந்தச் சாலைக் குழிகளுக்குத் தாங்காது.

ஊர்ப் பஞ்சர் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், எந்த டியூபையும் ஒட்டித் தருவார்கள். ஆனால் உங்கள் அளவு டியூப் கொளத்தூரிலோ அஞ்செட்டியிலோ கிடைக்காது. கையில் இரண்டு வைத்திருங்கள். இன்னொரு சின்ன விஷயம் பலரை நடுவழியில் நிறுத்தியிருக்கிறது: மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள டியூபில் கடைக்காரரின் பம்பு பொருந்தாது. பத்து கிராம்கூட இல்லாத பித்தளை இணைப்பு ஒன்று வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். செயின் கழற்றும் கருவி, ஒரு ஜோடி பிரேக் கட்டை, கை பம்பு, இவையும் வேண்டும்.

எல்லையில் தொந்தரவு உண்டா?

அடையாள அட்டை வைத்திருங்கள். பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுங்கள். மது, நெகிழிப்பை பார்ப்பார்கள். பெயர், ஊர் எழுதிக்கொள்வார்கள். சோதனைச்சாவடியை ஒரு தடையாக நினைக்காமல் தகவல் நிலையமாகப் பயன்படுத்துங்கள். முன்னால் யானை நடமாட்டம் உண்டா, சாலை திறந்திருக்கிறதா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

காவிரி நீர் வழக்கில் தீர்ப்போ ஆணையோ வரும் நாட்களில் மட்டும் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2016 செப்டம்பரில் நடந்ததுபோலப் பேருந்துகள் எல்லையிலேயே நின்றுவிடும் நாட்கள் உண்டு. மற்றபடி மலைக்கிராமங்களில் அந்தப் பகை இல்லை. கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். மாதேஸ்வரன் மலைப் பக்கம் தமிழ் நன்றாகவே செல்லும். பர்கூரிலோ, தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும், வீட்டு மொழி பலருக்குக் கன்னடம்.

காட்டில் கூடாரம் போடலாமா?

கூடாது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தங்குவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. மேட்டூர், மாதேஸ்வரன் மலை, ஒகேனக்கல், பென்னாகரம் நான்கிலும் அறை கிடைக்கும். பர்கூரில் எதிர்பார்க்காதீர்கள், அதே நாளில் ஏறி இறங்கும்படி திட்டமிடுங்கள்.

சைக்கிளை எப்படிக் கொண்டுவருவது?

ஈரோடு சந்திப்பு வரை ரயில். கிளம்பும் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் பதிந்து, அதே ரயிலின் சரக்குப் பெட்டியில் ஏற்றலாம். ஹேண்டிலைத் திருப்பி, பெடலைக் கழற்றி, அட்டையால் சுற்றிக் கட்டுங்கள். ரயில் கிளம்பும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போனால் பதற்றமில்லை. ஈரோட்டிலிருந்து பவானி 15 கி.மீ., மிதித்தே வந்துவிடலாம். திரும்பும்போது தர்மபுரி அல்லது ஓசூர் நிலையம்.

எத்தனை நாள் வேண்டும்?

ஐந்து நாள் இருந்தால் நிறைவாகச் செய்யலாம். முதல் நாள் பவானியிலிருந்து மேட்டூர். இரண்டாம் நாள் மாதேஸ்வரன் மலை. மூன்றாம் நாள் காலையில் கோயிலும் பார்த்துவிட்டு வெயிலுக்கு முன் இறங்கிக் கொளத்தூர். அறை கிடைக்காவிட்டால் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டூரிலேயே தங்கலாம். நான்காம் நாள் பண்ணவாடியில் படகேறி நாகமரை, ஏரியூர், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். பென்னாகரத்தை மூன்று மணிக்குள் தாண்ட முடியாவிட்டால் அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலை இறங்குங்கள். ஐந்தாம் நாள் ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லிக் குளித்துவிட்டு, நீங்கள் வாங்கிக் கொடுக்கும் மீனை அங்கேயே சமைத்துத் தரும் அக்காமார்களிடம் சாப்பிடுங்கள். அதற்கப்புறம் பென்னாகரம் மலைப்பாதையை மிதிக்கக் கால் வராது. மதியப் பேருந்தில் சைக்கிளை ஏற்றித் தர்மபுரி போய்விடுங்கள், 46 கி.மீ.தான், நடத்துநரிடம் சுமைக்கூலிச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.